குறுகியகாலத் திட்டங்களால் உற்பத்தித்திறனை உயர்த்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உற்பத்தித்திறனை உயர்த்தியே ஆக வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்ததும், வழக்கமாக ஒரு பெரிய திட்டம் பிறக்கும். புது மென்பொருள், புதுத் துறை அமைப்பு, எல்லாருக்கும் பயிற்சி என்று ஒரு வருடத்துக்கு நீளும். சில மாதங்கள் போனதும் பார்த்தால் கூட்டங்கள் கூடியிருக்கும், வேலை நடக்கும் விதம் பழையபடியே இருக்கும்.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் முடிகிற, ஒரே ஒரு இடத்தைத் தொடுகிற, ஒரே ஒரு எண்ணை மாற்ற முயல்கிற திட்டம். இதை 'அவசரமாகச் செய்து முடிப்பது' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவசரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கெடு நகராது என்பதுதான் இதன் பலமே. நாள் நகராதபோது, எது தேவை, எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தே தீர வேண்டும். நீண்ட திட்டங்களில் அந்த முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். கொடுத்த நேரம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு வேலை விரிந்துகொள்ளும் என்று நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து எழுதினார். தனியார் அலுவலகங்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் விசாரணை அனுப்புகிறார்கள், நிறுவனம் கொட்டேஷன் அனுப்ப வேண்டும். விசாரணை வந்து கொட்டேஷன் போவதற்குச் சராசரியாக ஆறு வேலை நாள் ஆகிறது. அதற்குள் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும், கொட்டேஷன் இருக்கும் இடத்தில் உங்கள் பில், டெலிவரி, ரிப்பேர் எதையாவது வைத்துப் படியுங்கள்.

1. வேலை எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்

எதைத் திருத்துவது என்று கேட்டால், ஆளாளுக்குத் தன்னை எரிச்சல்படுத்தும் விஷயத்தைச் சொல்வார்கள். எரிச்சலை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், தேக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். கோப்புகள், ஆர்டர்கள், பாதி முடிந்த பொருட்கள் எந்த மேசைக்கு முன்னால் குவிகின்றன என்று நடந்து போய்ப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

இதற்கு ஒரு எளிய கணக்கும் உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி அது. நிலுவையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பது கிடைக்கும். நம் நிறுவனத்தில் எப்போது பார்த்தாலும் 30 விசாரணைகள் நிலுவையில் இருக்கின்றன, நாளுக்கு 5 கொட்டேஷன் போகிறது. 30-ஐ 5-ஆல் வகுத்தால் ஆறு நாள். நிலுவை 10 ஆகக் குறைந்தால் இரண்டே நாள். யாரும் கூடுதல் வேகத்தில் டைப் செய்யத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே கிடப்பதைக் குறைத்தாலே போதும்.

தேங்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைத் திருத்தினால் பலன் வராது என்பதைத்தான் மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் 1980-களிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னார். கொட்டேஷன் அச்சடிக்க வேகமான பிரிண்டர் வாங்கினால், மேலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் காகிதம் கொஞ்சம் சீக்கிரமாகக் காத்திருக்கத் தொடங்கும், அவ்வளவுதான்.

இடத்தைக் கண்டுபிடித்த பிறகு இன்னும் ஒரு சோதனை பாக்கி. இந்த மாற்றத்தைச் செய்ய உங்கள் கையில் அதிகாரம் இருக்கிறதா? தலைமையகமோ வெளியாரோ சம்மதிக்க வேண்டிய விஷயம் என்றால், கையில் இருக்கும் சில வாரங்களும் சம்மதத்துக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடும். அதை எடுக்க வேண்டாம்.

2. தொடங்கும் முன்பே அளந்துவிடுங்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். பிறகு 'நல்ல முன்னேற்றம் தெரிகிறது' என்று யாராவது சொல்வார்கள், எதிலிருந்து எதற்கு முன்னேற்றம் என்றால் பதில் இருக்காது.

பெரிய தரவுத்தளம் எதுவும் தேவையில்லை. கடைசியாக முடிந்த 30 வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எந்த நாள் உள்ளே வந்தது, எந்த நாள் வெளியே போனது, நடுவில் எங்கே நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சராசரியோடு நடு மதிப்பையும் (நாட்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பாருங்கள். ஒரே ஒரு வேலை 40 நாள் கிடந்திருந்தால் சராசரி உங்களை ஏமாற்றிவிடும்.

நம் நிறுவனத்தில் 30 கொட்டேஷனை இப்படிப் பிரித்ததில், 12 மேலாளரின் ஒப்புதலுக்காக நின்றன. 9, கொள்முதல் பிரிவிடமிருந்து புதிய விலை வருவதற்காக நின்றன. 6 வாடிக்கையாளர் அரைகுறையாக விவரம் கொடுத்ததால் நின்றன. மீதி 3-க்கு வெவ்வேறு காரணம். ஒரு கொட்டேஷனில் கை வைத்துச் செய்யும் வேலை மொத்தம் ஒன்றரை மணி நேரம், மற்றதெல்லாம் காத்திருப்பு. அலுவலக வேலையில் இது அபூர்வம் இல்லை. ஆட்களை விரட்டினால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பத்து நிமிடம் குறையலாம். ஆறு நாள் அப்படியே இருக்கும்.

அளக்கும்போது, தரம் கெடாமல் பார்த்துக்கொள்ளும் காவல் எண் ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைய வேண்டும் என்று சொன்னால் மக்கள் நேரத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். தவறான விலையோடு கொட்டேஷன் போகும், அல்லது கடினமான விசாரணை பதிவேட்டில் ஏறாமலே இருக்கும். ஒரு அளவீட்டை இலக்காக்கியதும் அது நல்ல அளவீடாக இருப்பது நின்றுவிடும் என்று சொல்வார்கள். பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் சொன்ன கருத்தின் சுருக்க வடிவம் அது. அதனால் நாட்களோடு, வாரத்துக்கு எத்தனை கொட்டேஷன் திருத்தி அனுப்பப்பட்டது என்பதையும் எண்ண வேண்டும்.

3. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

திட்ட ஆவணம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் திட்டம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். நம் நிறுவனத்தின் பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> இப்போது: கொட்டேஷன் போகச் சராசரி 6 வேலை நாள். வாரத்துக்கு 2 கொட்டேஷன் திருத்தி அனுப்பப்படுகிறது.
> முடியும்போது: 10 விசாரணையில் 8-க்கு இரண்டு வேலை நாளுக்குள் கொட்டேஷன். திருத்தம் வாரத்துக்கு 2-ஐத் தாண்டக் கூடாது.
> கெடு: நான்காவது வாரம், வெள்ளிக்கிழமை. நகராது.
> தொடமாட்டோம்: விலைக் கொள்கை, மென்பொருள் மாற்றம், வெளிநாட்டு ஆர்டர்கள்.
> முடிவெடுப்பவர்: விற்பனை மேலாளர். கேள்வி வந்த 24 மணி நேரத்துக்குள் பதில்.
> பிறகு பொறுப்பு: கொட்டேஷன் பிரிவின் மூத்த ஊழியர்.

'தொடமாட்டோம்' என்ற வரியை விடாதீர்கள். இரண்டாவது வாரத்தில் யாராவது வந்து "கையோட கையா இதையும் பார்த்துடலாமே" என்பார். அப்போது காட்டுவதற்கு அந்த வரி வேண்டும். அப்படி வரும் யோசனைகளைத் தூக்கிப் போட வேண்டாம், தனித் தாளில் குறித்து வையுங்கள். அடுத்த திட்டத்துக்கு உதவும்.

இலக்கில் '100 சதவீதம்' என்று எழுதாமல் 10-க்கு 8 என்று எழுதியிருப்பதும் யோசித்துத்தான். கடைசி இரண்டும் எப்போதும் விசித்திரமான கேஸாக இருக்கும். அவற்றைப் பிடிக்கப் போனால் முதல் எட்டுக்கான நேரம் அதில் கரைந்துவிடும்.

4. யார் யார் வேண்டும்

மூன்று முதல் ஐந்து பேர். அதில் குறைந்தது இரண்டு பேர் அந்த வேலையைத் தினமும் கையால் செய்பவர்களாக இருக்க வேண்டும். துறைத் தலைவர்கள் மட்டும் கூடும் குழு, வேலை எப்படி நடப்பதாகத் தாங்கள் நினைக்கிறார்களோ அதைத்தான் திருத்தும்.

அவர்களின் நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். 'வழக்கமான வேலையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு வழக்கமான வேலையை மட்டும் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒரு நாள் முழுதாகவோ, தினம் இரண்டு மணி நேரமோ விடுவித்து, அந்த நேரத்து வேலையை யார் செய்வார் என்று பெயர் எழுதிக் கொடுங்கள்.

முடிவெடுப்பவரின் நேரம் இன்னும் அரிது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில், 1980-களின் கடைசியில், 'வொர்க்-அவுட்' என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஊழியர்கள் கூடிப் பேசி யோசனைகளை முன்வைப்பார்கள். மேலாளர் அங்கேயே எல்லார் முன்பும் 'சரி' அல்லது 'முடியாது' என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூடுதல் விவரம் கேட்டுத் தேதி குறிக்க வேண்டும். 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய ஏற்பாடு உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் 24 மணி நேர விதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான்கு வாரத் திட்டத்தில் ஒரு முடிவு ஒரு வாரம் தாமதமானால் கால்வாசித் திட்டம் போய்விட்டது.

வெளியாட்களைச் சேர்க்கலாமா என்றால், குழுவில் இல்லாத ஒரு தனித்திறமை தேவைப்பட்டால் மட்டும், அதுவும் முதல் வாரத்திலேயே. எக்செல் தாளில் சூத்திரம் போட்டுத்தர ஒரு ஃப்ரீலான்சர், சரி. திட்டம் பின்தங்கிவிட்டதே என்று மூன்றாவது வாரத்தில் புது ஆட்களைக் கொண்டுவந்தால், அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே பழைய ஆட்களின் நேரம் போகும். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975-இல் எழுதியது மென்பொருளுக்கு மட்டும் பொருந்தும் விஷயமல்ல.

5. தோற்றுவிட்டதாக நினைத்துப் பாருங்கள்

அரை மணி நேரம் போதும். 'இன்று நான்காவது வாரம் முடிந்துவிட்டது, திட்டம் படுதோல்வி. ஏன்?' என்று கேட்டு, ஒவ்வொருவரையும் தனியாகக் காரணம் எழுதச் சொல்லுங்கள். உளவியலாளர் கேரி கிளைன் பிரபலப்படுத்திய முறை இது. கூட்டத்தில் 'ஏதாவது ஆட்சேபம் இருக்கிறதா?' என்று கேட்டால் வாய் திறக்காதவர், இப்படிக் கேட்டால் எழுதிவிடுவார். 'மூன்றாவது வாரம் மேலாளர் லீவு' என்ற தகவல் பெரும்பாலும் இங்கேதான் வெளியே வரும்.

6. முதல் இரண்டு வாரம்

முதல் வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். வேலையோடு கூடவே நடங்கள். ஒரு விசாரணை மின்னஞ்சலில் வந்த நிமிடத்திலிருந்து அதன் பின்னால் போய், யார் திறந்தார், யாரிடம் என்ன கேட்டார், எதற்காகக் காத்திருந்தார் என்று பாருங்கள். நான்கைந்தை இப்படித் தொடர்ந்தால் போதும்.

பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அது தொழிற்சாலையிலிருந்து வந்தது. டொயோட்டாவில் 1969-இல் ஆயிரம் டன் அழுத்த எந்திரம் ஒன்றில் அச்சு (தகட்டுக்கு வடிவம் தரும் பாகம்) மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ எந்திரத்தை மாற்றவில்லை, அச்சு மாற்றும் வேலைகளை இரண்டாகப் பிரித்தார். எந்திரம் நின்றால்தான் செய்ய முடிகிறவை ஒரு பக்கம், எந்திரம் ஓடும்போதே செய்து வைத்துவிடக் கூடியவை இன்னொரு பக்கம். அரை வருடத்தில் 90 நிமிடமாக இறங்கியது. அப்புறம் இலக்கை இன்னும் இறுக்கி, அடுத்த மூன்று மாதத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே மூச்சில் அல்ல, அடுத்தடுத்த சுற்றுகளில் கிடைத்த பலன் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

அலுவலகத்திலும் அதே கேள்விதான்: விசாரணை வந்த பிறகுதான் செய்ய முடியும் என்பது எது, வரும் முன்பே செய்து வைக்கக் கூடியது எது? கொள்முதல் பிரிவு விலை சொல்வது இரண்டாவது வகை. அதிகம் கேட்கப்படும் 40 பொருட்களின் விலையை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பட்டியலாகக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு கொட்டேஷனுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டாம். ஒப்புதலும் அப்படித்தான். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே, வழக்கமான தள்ளுபடிக்குள் இருந்தால் கையெழுத்து வேண்டாம் என்று மேலாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். அவருக்குக் கவலையாக இருந்தால், வாரம் ஐந்து கொட்டேஷனை எடுத்துப் பின்னாடி சரிபார்க்கட்டும்.

இரண்டாவது வாரம் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும், சிறு அளவில் ஓட்டிப் பாருங்கள். எல்லா விசாரணைக்கும் வேண்டாம், ஒரு ஊழியரின் மேசைக்கு வருபவைக்கு மட்டும். மூன்று மாற்றத்தை ஒரே நாளில் இறக்கிவிட்டு எண் மாறினால், எது வேலை செய்தது என்று தெரியாது. எண் மாறாவிட்டால், எது கெடுத்தது என்றும் தெரியாது.

தினமும் பத்து நிமிடம் நின்றபடி பேசுங்கள். நேற்று எத்தனை உள்ளே, எத்தனை வெளியே, எது நிற்கிறது. இவ்வளவுதான். எண்களை எல்லாரும் பார்க்கும் சுவரில் கையால் எழுதுங்கள். கணினியில் அழகான வரைபடம் செய்ய உட்காருபவர் அன்றைக்கு வேறெதுவும் செய்யமாட்டார்.

7. மூன்றாவது வாரம்: வெட்டுங்கள்

இந்த வாரத்தில் ஒரு விஷயம் உறுதியாகத் தெரியவரும்: நினைத்ததெல்லாம் முடியாது. திட்டமிடும்போது மனிதர்கள் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். முன்பு தாமதமான அனுபவம் இருந்தும் அதே தப்பைத் திரும்பச் செய்வோம். எனவே பின்தங்குவதை யாருடைய குற்றமாகவும் பார்க்க வேண்டாம்.

வழக்கமான எதிர்வினை 'இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள்' என்பது. கொடுக்காதீர்கள். ஒரு முறை நகர்ந்த கெடு மறுபடியும் நகரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதற்கப்புறம் அது வெறும் தேதி. நாளைத் தொடாமல் வேலையைச் சுருக்குங்கள். நம் நிறுவனத்தில் மூன்று மாற்றங்கள் திட்டத்தில் இருந்தன: விலைப்பட்டியல், ஒப்புதல் விதி, வாடிக்கையாளர் முழு விவரம் கொடுப்பதற்கான புதுப் படிவம். முதல் இரண்டும் 30-இல் 21 தேக்கத்தைத் தொடுகின்றன. மூன்றாவது 6-ஐத்தான் தொடுகிறது, அதுவும் வாடிக்கையாளரின் பழக்கம் மாற வேண்டிய விஷயம். எனவே வெட்ட வேண்டியது படிவம். இரண்டாவது படியில் அளந்து வைத்தது இங்கேதான் கைகொடுக்கிறது. அந்தத் தாள் இல்லாவிட்டால், யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவருடைய யோசனை தப்பிக்கும்.

வெட்டுவதற்கும் எல்லை உண்டு. சோதனை முறையில் ஓட்டியும் எண் அசையவே இல்லை என்றால், தேர்ந்தெடுத்த இடமே தவறாக இருக்கலாம். அப்போது திட்டத்தை நிறுத்திவிடுவது நல்லது. மூன்று வாரம்தான் செலவு, அதற்குப் பதிலாக எங்கே தேக்கம் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

8. நான்காவது வாரம்: ஒப்படைப்பு

குறுகியகாலத் திட்டங்கள் பெரும்பாலும் சாவது இங்கேதான். எண் இறங்கியது, கைதட்டினார்கள், குழு கலைந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் பழைய ஆறு நாள் திரும்பியிருக்கும்.

காரணம், பழைய வழி அப்படியே திறந்து கிடப்பது. திங்கட்கிழமைப் பட்டியல் ஒரு வாரம் வரவில்லை என்றால் ஊழியர் பழையபடி போன் போட்டு விலை கேட்பார். கேட்டால் கிடைக்கும். பிறகு பட்டியல் எதற்கு? புது வழியைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, பழைய வழியை மூடவும் வேண்டும். ஒப்புதல் படிவத்திலிருந்து சிறு தொகைக்கான கையெழுத்துக் கட்டத்தை நீக்குங்கள். பட்டியலில் இருக்கும் பொருளுக்குப் போனில் விலை சொல்வதில்லை என்று கொள்முதல் பிரிவு சொல்லட்டும்.

புது முறையை அரைப் பக்கத்தில் எழுதி, அந்த வேலையைச் செய்யாத ஒருவரிடம் கொடுத்து ஒரு கொட்டேஷன் போடச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில்தான் எழுத்தில் ஓட்டை இருக்கிறது. பட்டியல் அனுப்புபவர் லீவு போட்டால் யார் அனுப்புவார் என்பதும் அந்த அரைப் பக்கத்தில் இருக்கட்டும்.

30, 60, 90-ஆவது நாட்களில் மறுபடி அளக்க இப்போதே தேதி குறித்துவிடுங்கள். யாரோ கவனிக்கிறார்கள் என்பதாலேயே கொஞ்ச காலம் எண் நன்றாக இருக்கலாம். சிகாகோ அருகே ஹாத்தார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளிலிருந்து இந்தக் கருத்துக்கு 'ஹாத்தார்ன் விளைவு' என்ற பெயரே வந்தது. அந்தத் தரவுகளை மறுபடி அலசியவர்கள் விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை என்று வாதிட்டார்கள், ஆனாலும் எச்சரிக்கை செல்லும். குழு கலைந்த பிறகு வரும் எண்ணைத்தான் நான் நம்புவேன். திருத்த எண்ணிக்கையையும் அதே தாளில் பாருங்கள். நாட்கள் குறைந்து திருத்தம் வாரத்துக்கு 5 ஆகியிருந்தால் உற்பத்தித்திறன் உயரவில்லை, வேலை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

9. அடுத்தது எப்போது

உடனே வேண்டாம். முதல் திட்டம் வெற்றி என்றதும் நிர்வாகத்துக்கு ஆசை வந்து, ஒரே நேரத்தில் ஐந்து திட்டம் தொடங்கச் சொல்லும். லிட்டில் விதி திட்டங்களுக்கும் பொருந்தும். ஐந்தைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொன்றும் நீளும், முடிவெடுப்பவர் ஒருவரே என்றால் அவர்தான் புதுத் தேக்கம். மென்பொருள் நிறுவனமான பேஸ்கேம்ப் ஆறு வாரச் சுற்றுகளில் வேலை செய்து, நடுவில் இரண்டு வாரம் இடைவெளி விடும் முறையைப் பின்பற்றியது. நான்கு வாரத் திட்டத்துக்கு ஒரு வாரமாவது விடுங்கள். மூன்றாவது படியில் ஒதுக்கி வைத்த யோசனைத் தாளை அந்த வாரத்தில் எடுங்கள், ஆனால் அதிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் முதல் படிக்குப் போங்கள். கொட்டேஷன் வேகமாகப் போகத் தொடங்கியதும் ஆர்டர் கூடும், தேக்கம் உற்பத்திப் பக்கமோ டெலிவரிப் பக்கமோ நகர்ந்திருக்கும்.

10. எதற்கு ஒத்துவராது

பாதுகாப்பு, சட்டம், ஊழியர் சம்பளம் சம்பந்தப்பட்ட மாற்றங்களைச் சோதனை முறையில் நான்கு வாரம் ஓட்டிப் பார்க்கக் கூடாது. ஆள் குறைப்புக்கு முன்னோட்டமாகவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை அப்படி நடந்தால், அடுத்த திட்டத்தில் யாரும் தன் வேலையில் எங்கே நேரம் வீணாகிறது என்று வாய் திறக்கமாட்டார்கள்.

முழு நிறுவனத்துக்கும் புது மென்பொருள் போடுவதும் நான்கு வாரத்தில் முடியாது. ஆனால் அதை வாங்கலாமா என்று முடிவெடுக்க ஒரு குறுகியகாலத் திட்டம் போடலாம். உண்மையான பத்து ஆர்டர்களை எடுத்து, விற்க வந்தவரின் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, உங்கள் ஊழியர்களே சோதனைப் பதிப்பில் ஆரம்பம் முதல் பில் வரை ஓட்டட்டும். எந்த இடத்தில் பக்கத்தில் ஒரு எக்செல் தாளைத் திறக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.